திரையும் வகுப்பறையும் நோயாளியின் கட்டிலும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவரும் நாள்களில் சேர்வராயன் மலையின் இல்லங்கள் பலவற்றில் ஒரே பேச்சு எழுகிறது. "பெண்ணை என்ன படிக்க வைப்பது?" காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் தாயும், மிளகுக் கொடிக்கு ஏணி சாய்க்கும் தந்தையும் இக்கேள்விக்குத் தரும் விடைகளில் முதன்மையான ஒன்று செவிலியர் படிப்பு. படித்து முடித்தால் வேலை கிடைக்கும். எந்த ஊருக்குப் போனாலும் கைத்தொழில் கூடவே வரும். பிறர் துயர் துடைக்கும் பணி என்ற மதிப்பும் உண்டு. இப்போது ஆண் பிள்ளைகளும் இப்படிப்பை நாடுகின்றனர் என்பது மகிழ்ச்சிக்குரியது.

இந்தப் பேச்சினூடே அண்மை ஆண்டுகளில் ஒரு புதுக் கேள்வியும் புகுந்துவிட்டது. "எல்லாப் படிப்பும் கைப்பேசியிலேயே வருகிறதாமே! விடுதிக்கும் பயணத்திற்கும் பணம் செலவழித்துப் பிள்ளையைத் தொலைவில் விடுவானேன்? வீட்டிலிருந்தபடியே நர்ஸ் படிப்பைப் படித்துவிடலாகாதா?" கேட்பவர்கள் அறியாமையால் கேட்கவில்லை, கடன் சுமையை எண்ணிக் கேட்கிறார்கள். ஆகவே இதற்குச் சிந்தித்து விடையளிப்பது நம் கடமை.

முடங்கிய நாட்டில் திறந்த வகுப்பு

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆம் நாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்ததை நாம் மறக்கவில்லை. அதற்குச் சில நாள்கள் முன்னரே தமிழ்நாட்டில் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டன. செவிலியர் கல்லூரி மாணவியர் பெட்டி படுக்கைகளுடன் வீடு திரும்பினர். பாடங்கள் கைப்பேசியின் சிறு திரையில் தொடர்ந்தன. உடற்கூறும் உடலியங்கியலும் மருந்தியலும் அத்திரையின் வழியாகவே அவர்களுக்கு வந்து சேர்ந்தன.

வழி திறந்திருந்ததேயன்றி, அது எல்லார்க்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. ஏற்காடு நகரில் அமர்ந்து பாடம் கேட்பது ஒன்று. மலையின் மடிப்புகளுக்குள் ஒதுங்கிய குடியிருப்பில் அமர்ந்து கேட்பது மற்றொன்று. மலை மறைக்கும் இடத்தில் சிக்னல் நில்லாது. மழைக்காலத்தில் மின்சாரமும் உறுதியில்லை. ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் பங்கிட்டுக்கொள்ளும் வீட்டில், எவர் வகுப்பை எவர் விட்டுக்கொடுப்பது என்ற வழக்கும் எழும். அந்த வழக்கில் பெரும்பாலும் தோற்பவள் பெண்பிள்ளை என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆயினும் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சிறு திரை இல்லாதிருந்தால், அம்மாதங்கள் முழுவதும் வீணாகியிருக்கும்.

திரையின் நன்மை

வகுப்பறைச் சொற்பொழிவே உயர்ந்தது, திரைப்பாடம் தாழ்ந்தது என்று உடனே தீர்ப்பு வழங்குவோர் உளர். அத்தீர்ப்பு அவசரத் தீர்ப்பு. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்ற மலைக் கிராமத்து மாணவி ஒருத்தி, செவிலியர் கல்லூரியின் முதல் வாரத்தில் ஆங்கிலச் சொற்பொழிவின் முன் அமரும் நிலையை எண்ணிப் பாருங்கள். எலும்புகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. ஒன்றைப் பிடிப்பதற்குள் அடுத்த மூன்று போய்விடுகின்றன. எழுந்து கேட்க நாணம். கேட்டால் மற்றவர்கள் நகைப்பார்களோ என்ற அச்சம். பாடம் முடிந்ததும் கையிலிருப்பது பாதி வரிகளே நிறைந்த ஏடு.

அதே பாடம் பதிவாகக் கைப்பேசியில் இருக்குமானால், அவள் நிறுத்தலாம், பின்னோக்கிப் போகலாம், ஒரே பகுதியை மூன்று முறை கேட்கலாம். இதயத்தின் அறைகளில் குருதி பாயும் வழியைச் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டுவதைவிட, அசையும் படமாகக் காட்டும்போது தெளிவு மிகுதி. மேலும், உண்மையைச் சொன்னால், எத்தனையோ வகுப்பறைகளில் நடப்பது கற்பித்தலன்று. பழைய குறிப்பேட்டிலிருந்து புதிய குறிப்பேட்டிற்கு எழுத்துகள் இடம் மாறுவதே. அத்தகைய வகுப்பை இழப்பதால் எவரும் எதையும் இழந்துவிட மாட்டார்.

ஆராய்ச்சியாளரும் இதனை அளந்து பார்த்துள்ளனர். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, மருத்துவம், செவிலியம் போன்ற துறைகளில் இணையவழிக் கற்பித்தலைப் பற்றிய 201 ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்டது. ஒன்றும் கற்பிக்காமல் விடுவதைவிட இணையவழிக் கற்பித்தல் மிகுந்த பயன் தருகிறது என்றும், வழக்கமான பிற முறைகளோடு ஒப்பிட்டால் இரண்டிற்குமிடையே உள்ள வேற்றுமை பொதுவாகச் சிறியதே என்றும் அது கண்டது. ஆக, செய்தியை மனத்தில் ஏற்றும் வேலையைப் பொறுத்தவரை, திரைக்கும் கரும்பலகைக்கும் இடையே பெரும் போர் தேவையில்லை.

வகுப்பறையின் நன்மை

அப்படியாயின் வகுப்பறை எதற்கு? வகுப்பறையில் ஆசிரியை மாணவியைப் பார்க்கிறார். மாணவி ஆசிரியையைப் பார்ப்பது திரையிலும் நிகழும். ஆசிரியை மாணவியைப் பார்ப்பது வகுப்பறையில்தான் முழுமையாக நிகழும். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருப்பவளின் நெற்றிச் சுருக்கத்தைக் கண்டு, "விளங்கவில்லையா, அம்மா?" என்று நிறுத்துபவர் நல்லாசிரியர். கேள்வி கேட்கத் துணியாத பிள்ளைக்கு அந்தப் பார்வையே பாதிக் கல்வி. பக்கத்து இருக்கைத் தோழி மாலையில் தமிழில் சொல்லித் தரும் விளக்கம் மீதிப் பாதி.

இன்னொன்றும் உண்டு. செவிலியம் தனியாள் தொழிலன்று. இரவுப் பணி முடித்துச் செல்பவர், காலைப் பணிக்கு வருபவரிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் வாய்மொழியாகவும் ஏட்டிலும் ஒப்படைக்க வேண்டும். பிறர் சொல்வதைக் கேட்கவும், தன் ஐயத்தை உரக்கச் சொல்லவும், மூத்தவர் திருத்தினால் ஏற்கவும் பழக வேண்டும். சேர்ந்து வாழ்ந்தும் சேர்ந்து படித்தும் வரும் பழக்கம் இது. தனியறையில் காதுக்கருவி பொருத்திக் கேட்பவர்க்கு இது எளிதில் வாய்ப்பதில்லை.

மூன்றாவது இடம்

திரையா வகுப்பறையா என்று வாதிடுவோர் இருவருமே ஓர் இடத்தை மறந்துவிடுகின்றனர். அது நோயாளியின் கட்டில். செவிலியர் கல்வியின் உண்மையான பள்ளி அங்கேதான் இருக்கிறது.

நம் நாட்டின் செவிலியர் கல்வி வரலாறே இதற்குச் சான்று. 1871ஆம் ஆண்டில் நான்கு மாணவியருடன் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்ட இடம் சென்னை அரசுப் பொது மருத்துவமனை. அம்மையார் ஐடா ஸ்கடர் 1909ஆம் ஆண்டில் வேலூரில் செவிலியர் பள்ளியைத் தொடங்கியதும் மருத்துவமனையோடு ஒட்டியே. 1946ஆம் ஆண்டில் வேலூரிலும் தில்லியிலும் செவிலியத்தில் பட்டப் படிப்பு தொடங்கிய பின்னரும், நோயாளியின் அருகில் பெறும் பயிற்சியை எவரும் கைவிடவில்லை.

இதற்கெல்லாம் முன்னோடியான பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்வில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. அவர் இந்தியாவுக்கு ஒருமுறையேனும் வந்தவரல்லர். ஆயினும் இங்குள்ள படை முகாம்களுக்குக் கேள்வித்தாள்கள் அனுப்பி, வந்த விடைகளை இலண்டனில் அமர்ந்து ஆராய்ந்து, இந்தியப் படையினரின் சுகாதார நிலையைப் பற்றி 1863ஆம் ஆண்டில் வெளியான அறிக்கைக்கு உயிரூட்டினார். தொலைவிலிருந்து அறிவைத் திரட்டுவதில் அவரை விஞ்சியவர் அந்நாளில் அரியர். அத்தகையவரே, செவிலியரை உருவாக்க எண்ணியபோது, 1860ஆம் ஆண்டில் இலண்டன் புனித தோமையார் மருத்துவமனைக்குள்ளேயே பள்ளியை நிறுவச் செய்தார். தகவல் தொலைவிலிருந்து வரும். பயிற்சி அருகிலிருந்தே வரும் என்பதை அவர் செயலே காட்டுகிறது.

அருகிலிருந்து மட்டுமே கற்கக்கூடியவை யாவை? சிலவற்றைப் பார்ப்போம்.

நோயாளி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறார் என எண்ண வேண்டும். எளிய வேலைபோல் தோன்றும். ஆனால் தம் மூச்சை ஒருவர் எண்ணுகிறார் என்று தெரிந்த உடனே நோயாளியின் மூச்சு மாறிவிடும். ஆகவே தேர்ந்த செவிலி நாடியை எண்ணி முடித்த பின்னும் மணிக்கட்டிலிருந்து விரலை எடுப்பதில்லை. நாடி பார்ப்பவர்போலவே இருந்து, கண்ணால் நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ணிக்கொள்கிறார். இதை ஒரு வரியில் எழுதிவிடலாம். நாம் இப்போது எழுதிவிட்டோம். எழுதியதைப் படித்ததால் எவர்க்கும் கைவந்துவிடாது.

படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது பாடம். புண் தொடங்குமுன் தோல் சிவக்கும், விரலால் அழுத்தினாலும் அச்சிவப்பு மாறாது என்பதும் பாடம். பாடநூல்கள் பலவற்றில் இதற்குக் காட்டப்படும் படங்கள் மேலைநாட்டாரின் வெண்ணிறத் தோலில் எடுக்கப்பட்டவை. நம் மக்களின் கருநிற, மாநிறத் தோலில் அச்சிவப்பு கண்ணுக்குத் தெரிவது அரிது. சூட்டையும் இறுக்கத்தையும் விரலால் தொட்டு, பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டே அறிய வேண்டும். கண் தோற்குமிடத்தில் கை கண்டுபிடிக்கிறது. திரை கண்ணுக்கும் காதுக்கும் உரியது. கைக்கு அது ஒன்றும் கற்பிப்பதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலானது மனம். வலியால் முனகுபவரின் புண்ணைத் துடைக்கும்போது முகம் சுளிக்காமல் இருப்பதும், முதன்முறை ஒரு மரணத்தைக் கண்ட பின்னும் அடுத்த கட்டிலுக்குத் தளராமல் நடப்பதும், மூத்த செவிலி ஒருவரின் அருகில் நின்று, அவரைப் பார்த்துப் பார்த்தே பழகுபவை.

இதனை உணர்ந்தே இந்தியச் செவிலியர் மன்றம் தன் விதியை வகுத்தது. பட்டப் படிப்பு மாணவர் ஒவ்வொரு பாடத்திலும் 80 விழுக்காடு வருகை இருந்தால் தேர்வெழுதலாம். ஆனால் பட்டம் பெறுமுன், செய்முறைப் பயிற்சியின் ஒவ்வொரு பிரிவிலும் வருகை 100 விழுக்காடு நிறைவாக வேண்டும். வகுப்பைச் சில நாள் தவறவிட்டவரை மன்னிக்கும் விதி, நோயாளியின் அருகில் நிற்க வேண்டிய நாளை ஒன்றுகூட விட்டுக்கொடுக்கவில்லை. இவ்விதி சொல்லும் பாடத்தைப் பெற்றோர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மறுப்பும் அதன் எல்லையும்

"நோயாளியின் கட்டிலுக்கு மாற்றே இல்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் மாநிலச் செவிலியர் மன்றங்களின் தேசியக் கூட்டமைப்பு 10 கல்விக்கூடங்களில் நடத்திய பேராய்வு 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது. மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை, மனித உருவப் பொம்மைகளை நோயாளியாக வைத்து நடத்தும் பயிற்சியால் ஈடு செய்தாலும், மாணவரின் திறன் குறைவதில்லை என்று அது கூறியது. புதிய முறைகளைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இதுவும் சான்று.

ஆனால் அந்தப் பயிற்சி எத்தகையது? அது வீட்டில் தனியே கைப்பேசியைப் பார்ப்பதன்று. அதற்கென அமைத்த கூடம், தேர்ச்சி பெற்ற ஆசிரியர், செய்து முடித்தபின் குறைநிறைகளை அலசும் கலந்துரையாடல் ஆகிய அனைத்தும் அங்கு இருந்தன. அங்கும் கைகள் உழைத்தன. அப்போதும் மீதிப் பாதி நேரம் உயிருள்ள நோயாளியிடமே கழிந்தது.

தொலைநிலைக் கல்வியும் செவிலியத்திற்குப் புதிதன்று. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் செவிலியப் பட்டப் படிப்பு ஒன்றை 1994ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆனால் அது எவருக்காக? முன்னரே பட்டயம் பெற்று, பதிவு செய்து, மருத்துவமனையில் பணியாற்றிவரும் செவிலியருக்காக. கை தேர்ந்தவர்க்கு மேலும் அறிவூட்டத் தொலைநிலைக் கல்வி உதவிற்று. கையே பழகாதவரைச் செவிலியாக்க அது முற்படவில்லை.

மலையில் தனித்து நிற்பவள்

இவையெல்லாம் எங்கும் பொருந்தும் உண்மைகளே. ஆயினும் சேர்வராயன் மலை மக்களுக்கு இவை சற்று அழுத்தமாகவே பொருந்தும். சேலம் நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இளஞ்செவிலி ஒருத்தி தடுமாறினால், பத்தடி தொலைவில் மூத்தவர் இருப்பார். மலையிலோ? செம்மநத்தத்திலோ மாரமங்கலத்திலோ நாகலூரிலோ உள்ள ஒரு வீட்டில் நள்ளிரவில் இடர் நேர்ந்தால், முதலில் அழைக்கப்படுபவர் அருகிலுள்ள செவிலியரே. சமவெளியில் 5,000 பேருக்குத் துணைச் சுகாதார நிலையம் ஒன்று என்றும், மலைப்பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று என்றும் அரசு அளவுகோல் வகுத்ததன் காரணம் இந்தத் தொலைவுதான். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சேலத்திற்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 108 ஆம்புலன்ஸ் விரைந்து வந்தாலும், மலைப் பாதை தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

பேறு முடிந்த தாய்க்குக் குருதிப் பெருக்கு ஏற்படுவது தாய்மாரின் இறப்புக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. பேறு முடிந்தபின் அடிவயிற்றில் கைவைத்துப் பார்த்தால், கருப்பை பந்துபோல் இறுகியிருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் ஆபத்து. உடனே அதை அழுத்தித் தேய்த்து இறுகச் செய்ய வேண்டும். உரிய மருந்தும் கொடுக்க வேண்டும். இறுக்கம் எது, தளர்ச்சி எது என்பதை அந்த நள்ளிரவில் எந்தத் திரை சொல்லும்? பயிற்சிக் காலத்தில் பல தாய்மாரிடம் தொட்டு அறிந்த கை மட்டுமே சொல்லும்.

இப்போது இ-சஞ்சீவனி என்ற தொலைமருத்துவச் சேவை வழியாகச் சிற்றூரிலிருந்தும் நகரத்து மருத்துவரைத் திரையில் காண முடிகிறது. பயனுள்ள ஏற்பாடு. ஆனால் அம்மருத்துவர் நோயாளியைத் தொட இயலாது. "வயிறு கடினமாக இருக்கிறதா? கால் வீங்கியிருக்கிறதா?" என்று அவர் கேட்கும்போது, தொட்டுப் பார்த்து விடை சொல்ல வேண்டியவர் செவிலி. இணையம் வளர வளர, செவிலியின் கைக்கு வேலை கூடுகிறதேயன்றிக் குறையவில்லை.

பெற்றோர்க்கும் பங்கு மக்களுக்கும்

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உண்டு.

முதலாவது, "வீட்டிலிருந்தபடியே நர்ஸ்", "ஆறே மாதத்தில் நர்ஸ்" என்னும் விளம்பரங்களைக் கண்டு மயங்கலாகாது. துணைச் செவிலியர் படிப்பு இரண்டு ஆண்டு. பட்டயப் படிப்பு மூன்று ஆண்டு. பட்டப் படிப்பு நான்கு ஆண்டு. குறுகிய காலப் பயிற்சிகள் உதவியாளர் வேலைக்குத் துணைசெய்யலாம். அவை எவரையும் பதிவு பெற்ற செவிலியாக்கா. பணம் கட்டுமுன், அக்கல்விக்கூடத்தில் படித்தவரைத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு செவிலியர் மன்றம் பதிவு செய்யுமா எனக் கேட்டறிதல் வேண்டும். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த அம்மன்றத்தில் பெயர் பதிவானால்தான் செவிலியாகப் பணிபுரியலாம்.

இரண்டாவது, கல்லூரியைத் தேடும்போது கட்டடத்தின் உயரத்தையும் கணினிகளின் எண்ணிக்கையையும் மட்டும் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது. "பிள்ளைகள் எந்த மருத்துவமனையில் பயிற்சி பெறுகிறார்கள்? அங்கே எத்தனை கட்டில்கள்? நோயாளிகள் உண்மையாகவே வருகிறார்களா? பேறுகால வார்டு உண்டா?" என்று கேட்க வேண்டும். எளிய பெற்றோர் இவ்வாறு கேட்கத் தயங்குவர். தயங்க வேண்டியதில்லை. நாளை அந்தப் பிள்ளையின் கையில் ஒப்படைக்கப்படுவது பிறர் உயிர்.

மூன்றாவது, திரைப்பாடத்தையும் நாம் ஒதுக்கிவிடக் கூடாது. விடுமுறையில் மலைக்கு வரும் மாணவியர் பதிவுப் பாடங்களைக் கேட்க, சிக்னல் நன்கு கிடைக்கும் பங்குகளில் மண்டபத்தின் ஒரு மூலையை மாலை நேரத்தில் திறந்துவிடலாம். ஒரு மேசையும் விளக்கும் இணைய இணைப்பும் போதும். ஓய்வு பெற்ற செவிலியர் பங்கில் இருப்பின், வாரம் ஒருமுறை அங்கு வந்து, ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் விளக்கித் தரலாம். செலவு சிறிது, பயனோ பெரிது.

நான்காவது, வீட்டில் ஒரே கைப்பேசி இருந்தால், படிக்கும் பெண்ணுக்கு அவள் நேரத்தை ஒதுக்கிக் கொடுங்கள். அவள் படிப்பு அண்ணனின் பொழுதுபோக்கிற்கு அடுத்த இடத்தில் நிற்க வேண்டியதன்று.

அறிவு எவ்வழியாக வந்தாலும் வரவேற்போம். திரை வழியாகவும் வரட்டும், கரும்பலகை வழியாகவும் வரட்டும். ஆனால் செவிலியாக ஒரு பிள்ளையை அனுப்ப முடிவு செய்துவிட்டால், நோயாளியின் கட்டிலருகே அவள் நிற்க வேண்டிய நாள்களைச் செலவு மிச்சம் என்று எண்ணிக் குறைத்துவிடலாகாது. அந்நாள்களில் அவள் கற்கும் கைப்பக்குவமே, என்றோ ஓர் இரவு, மழையில் பாதை அடைபட்டு, சிக்னலும் அறுந்துபோன வேளையில், இம்மலையின் ஏதோ ஒரு வீட்டில் ஒரு தாயைக் காப்பாற்றப் போகிறது.